அம்மாவிடம் இருக்கிற ரசீது

புத்தூர், திருச்சி.

அன்புள்ள ராசா,

நீ அனுப்பிய பணம் வந்தது. முதல் சம்பளத்தில் தசமபாகம் எடுத்து, நம்ம சபை விதவைகளுக்குக் கொடுங்க அத்தை என்று சொல்லியிருந்தாய். கண் கலங்கிவிட்டது. ராத்திரி படுத்தபிறகு இன்னொன்று உறுத்தியது. உங்க அம்மாவும் விதவைதானே கண்ணு? அவளுக்குப் போன் பண்ணி மூன்று வாரமாச்சாமே?

கோபித்துக்கொள்ளாதே. தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தில் ஐந்தாம் அதிகாரத்தை ஒருதரம் உட்கார்ந்து வாசி. விதவைக்குப் பிள்ளையோ பேரப்பிள்ளையோ இருந்தால், பெற்றவர்கள் செய்ததற்குப் பதில் செய்ய அவர்கள்தான் முதலில் பழகவேண்டும் என்கிறார். வீடு செய்யவேண்டியதைச் சபையின் தலையில் ஏற்றினால், யாருமே இல்லாதவளுக்குப் பங்கு குறைந்துபோகும் என்பதுதான் அவர் கவலை. எட்டாம் வசனத்தை நான் இங்கே எழுதவில்லை, நீயே பார்த்துக்கொள். அதற்காகச் சபை கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம் என்றில்லை. எருசலேமில் விதவைகளின் பந்தி விசாரிப்பில் குறை வந்ததும், அதைக் கவனிக்கவே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்களே.

கைப்பிடி அரிசி நினைவிருக்கிறதா? உலை வைக்கும்போதெல்லாம் உங்க அம்மா ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையைச் சுமந்து வருவது நீதான். கோயில் வாசல் வருவதற்குள் பாதியை மென்றுவிடுவாய், திருட்டுப்பயலே! உங்க அப்பா இறந்துபோன வருஷம் வீட்டில் எவ்வளவு நெருக்கடி! அப்போதும் அந்தப் பிடி நிற்கவில்லை.

அதனால் விதவை என்றால் வாங்குகிற கை என்று மட்டும் நினைக்காதே. நம்ம கோட்டைக்குள் 1766-ல் கிறிஸ்து ஆலயம் கட்டினாரே சுவார்ட்ஸ் ஐயர், அவர் 1778-ல் குளோரிந்தாள் என்ற தஞ்சாவூர் விதவைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பாளையங்கோட்டையில் 1785-ல் பிரதிஷ்டையான கோயிலை எழுப்பியது அந்த அம்மாதான். அவளைச் சுற்றித்தான் அங்கே சபையே வளர்ந்தது.

ஆனாலும் நம்ம ஜனங்களிடம் ஒரு பழக்கம் இன்னும் போகவில்லை ராசா. நிச்சயதார்த்தத்தில் தட்டு எடுக்கக் கூப்பிடும்போது உங்க அம்மா தானாகவே தூணோரம் ஒதுங்கிப் போகிறாள். யாரும் போகச் சொல்வதில்லை, வா என்றும் கூப்பிடுவதில்லை. நானும் தாலியைக் கழற்றியவள்தான், அந்தத் தூண் எனக்கும் பழக்கம். வேதத்தில் விதவையைக் கனம்பண்ணச் சொல்லியிருக்கிறது. அந்தக் கனம் சோறும் துணியும் மட்டுமா? உன் கல்யாணத்தில் அவள் முன்வரிசையில் நிற்கவேண்டும், முதல் தட்டு அவள் கையில் இருக்கவேண்டும். இப்போதே சொல்லிவைக்கிறேன், அன்றைக்கு யார் பேச்சையும் கேட்காதே.

அதுவரைக்கும் சின்னச் சின்னதாகச் செய். ஞாயிறு ஆராதனை முடிந்து அவள் வீட்டுக்கு வந்து சேர்கிற நேரத்தில் கூப்பிடு. "சாப்டியாம்மா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடாதே. பெரியாஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரைக்கு எவ்வளவு நேரம் வரிசையில் நின்றாள், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாம் சொல்வாள். சொன்னதையே திரும்பச் சொன்னாலும் கேள். ஊருக்கு வரும்போது அந்த வரிசையில் ஒருநாள் நீ நின்று மாத்திரை வாங்கிக் கொடு.

பணத்தை நீ சொன்னபடியே சபையில் கட்டிவிட்டேன். ரசீதை உங்க அம்மாவிடம் கொடுத்தேன். உன் பேரை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

உன்
அத்தை