கொல்லைப்புறத்தில் குட்டிக் குளம்: மீன்கள் சுகமாக வாழச் சில குறிப்புகள்

பெங்களூரு ஜீவனஹள்ளி பக்கம் 20க்கு 30, 30க்கு 40 சைட்டில் வீடு கட்டியவர்களுக்கும் பின்பக்கம் கொஞ்சம் இடம் மிஞ்சும். அதில் ஒரு குளம் தாராளமாக அமையும், பெரிய செலவும் இல்லை. மோட்டார், கலர் லைட், விலை கூடிய மீன் இதெல்லாம் அப்புறம். ஆழம், நிழல், செடி இந்த மூன்றையும் முதலில் சரி செய்துவிட்டால் மீன்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும்.

1. தோண்டுவதற்கு முன்னால் சம்ப், சாக்கடைச் சேம்பர், வீட்டு அஸ்திவாரம் மூன்றும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, அவற்றைவிட்டுத் தள்ளியே இடம் குறியுங்கள். காலை வெயில் நாலைந்து மணி நேரம் விழுந்து, மதியத்துக்கு மேல் நிழல் வந்தால் நல்லது. மாமரத்தடியும் முருங்கையடியும் வேண்டாம், தினமும் இலை பொறுக்கியே ஓய்ந்துபோவீர்கள்.

2. ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டடி ஆழம் போதும். சுமார் 1,350 லிட்டர் பிடிக்கும். அகலத்தைக் குறைத்தாலும் ஆழத்தைக் குறைக்காதீர்கள். ஏப்ரல் வெயிலிலும், டிசம்பர், ஜனவரியில் 15 டிகிரிக்கு இறங்கும் ராத்திரிக் குளிரிலும் மீன் அடியில் போய் ஒதுங்க அந்த இரண்டடிதான் உதவும்.

3. சிமெண்டுக்குப் பதில், அசோலா வளர்க்கிறவர்கள் வாங்கும் சில்பாலின் ஷீட் மலிவு. நீளத்தோடு ஆழத்தை இரண்டு மடங்காகக் கூட்டி, கரைக்கு இரண்டடி சேர்த்தால் ஷீட்டின் நீளம் வரும், அகலத்துக்கும் அதே கணக்குதான். மேலே சொன்ன குளத்துக்குப் 12க்கு 10 அடி வாங்கினால் சரியாக இருக்கும். அடியில் பழைய சாக்கு, கிழிந்த புடவை விரித்துவிட்டால் கல் குத்தாது.

4. சிமெண்ட் தொட்டிதான் கட்டுவேன் என்பவர்கள், சுண்ணாம்புக் காரம் போகும்வரை மீன் விடக்கூடாது. தண்ணீர் நிரப்பி, வாழை மரத்துண்டுகளை நறுக்கிப் போட்டு ஊறவிட்டுக் கொட்டுங்கள். இப்படி இரண்டு மூன்று வாரம் மாற்றி மாற்றிச் செய்தால் தொட்டி பதமாகும்.

5. குளம் நிரப்பக் காவேரித் தண்ணீரைச் செலவழிக்காதீர்கள். 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரைத் தோட்டத்துக்கும் நீரூற்றுக்கும் விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். 20க்கு 30 மாடியில் 25 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 1,400 லிட்டர். நல்ல மழை ஒன்று பெய்தாலே குளம் கிட்டத்தட்ட நிரம்பிவிடும்!

6. ஆனால் சீசனின் முதல் மழையைக் குளத்துக்குள் விடாதீர்கள். மாடித் தூசியும் புறா எச்சமும் அதோடுதான் வரும். பைப்பைத் திருப்பி வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடியுங்கள்.

7. தண்ணீர் குறையும்போது குழாய்த் தண்ணீர்தான் கிடைக்கிறதா? பக்கெட்டில் பிடித்துத் திறந்தபடி ஒரு நாள் வைத்தால் குளோரின் பெருமளவு பறந்துவிடும். போர் தண்ணீரைப் பூவாளியால் உயரத்திலிருந்து ஊற்றுங்கள், காற்று கலக்கும். ஆர்ஓ மெஷின் கழிவு நீர் மட்டும் வேண்டாம், உப்பு ஜாஸ்தி.

8. அல்லிக்கு அகலமான பழைய பேசின் போதும். செம்மண் நிரப்பி, மேலே ஒரு விரல்கடை ஆற்று மணல் பரப்பினால் மீன் மண்ணைக் கிளறிக் கலக்காது. ஓரத்தில் வசம்பும் நீர்ப்பிரமியும், தண்ணீருக்குள் வேலம்பாசியும் வைத்துவிட்டால் குஞ்சுகள் ஒளிய இடம் கிடைக்கும். குளத்தின் மேற்பரப்பில் பாதியளவு இலை மூடியிருந்தால் தண்ணீர் பச்சையாவதும் குறையும்.

9. ஆகாயத்தாமரை இனாமாகக் கிடைத்தாலும் கைநிறையப் போடாதீர்கள். ஒரே மாதத்தில் குளத்தை மூடிவிடும். அள்ளியதைச் சாக்கடையில் வீசாமல் எரு குழியில் போடுங்கள்.

10. உடைந்த மண்பானை, ஓட்டுத் துண்டு, மிச்சமான பிவிசி பைப் இவற்றை அடியில் போட்டால் மீன்களுக்கு அருமையான வீடு. மீன்கொத்தி, மடையான், பக்கத்து வீட்டுப் பூனை எது வந்தாலும் மீன்கள் அதற்குள் பாய்ந்துவிடும். மேலே பச்சை நிழல்வலை கட்டினால் காக்கைக்கும் சருகுக்கும் சேர்த்து ஒரே காவல்.

11. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வலை போதாது. இரும்பு கிரில் போட்டுப் பூட்டுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது.

12. முதலில் நாலைந்து கப்பி மட்டும் விடுங்கள். மீன் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் குளத்தில் நிலைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதற்குள் கூட்டம் சேர்த்தால் அம்மோனியா ஏறி மீன் செத்துவிடும். கடைப் பையை அப்படியே கால் மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்டு, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள், கடைத் தண்ணீரைக் கொட்டிவிடலாம்.

13. கோய் மீன் ஆசை எல்லோருக்கும் வரும், ஆனால் இந்தக் குளம் அதற்குப் பத்தாது. கப்பி, மோலி, அல்லது கோல்ட் ஃபிஷ் எட்டு பத்து போதும். நம் ஊர் பஞ்சாக்ஸ் கிடைத்தால் தவறவிடாதீர்கள்! தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நின்றுகொண்டு கொசுப்புழுவைக் கவ்வும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நன்றாகத் துள்ளும் மீன் அது, அதனால் விளிம்புக்கு நாலு விரல் கீழேயே தண்ணீரை நிறுத்துங்கள்.

14. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று நினைத்துத் தீனி போடாதீர்கள். ராத்திரியில் செடி, பாசி எல்லாம் சேர்ந்து பிராணவாயுவை இழுத்துக்கொள்வதால் வரும் மூச்சுத் திணறல் அது. உடனே நாலைந்து சொம்பு தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள், பிறகு மீன் எண்ணிக்கையையும் தீனியையும் குறையுங்கள். 2016 மார்ச்சில் நம் அல்சூர் ஏரியில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்ததும் சாக்கடை கலந்து பிராணவாயு அற்றுப்போனதால்தான்.

15. இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு ஒருவேளைத் தீனி போதும். குளிர் மாதங்களில் வெயில் ஏறிய பிறகு பாதியளவு போடுங்கள். ஊருக்குப் போனால் நாலைந்து நாள் ஒன்றும் போடாவிட்டாலும் பாசியையும் புழுவையும் தின்று சமாளித்துக்கொள்ளும்.

16. குளத்தைக் காலி செய்து தேய்த்துக் கழுவவே வேண்டாம், சுவரில் படிந்த பாசி மீனுக்குச் சாப்பாடு. வாரம் நாலைந்து குடம் மட்டும் மொண்டெடுத்துக் கறிவேப்பிலைக்கும் ரோஜாவுக்கும் ஊற்றுங்கள். உரச்செலவு மிச்சம்.

17. மீனுக்குக் காயம் பட்டால் தனி பக்கெட்டில் 10 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் கல்லுப்பு கரைத்து, சில நாள் அதில் வைத்துப் பாருங்கள். குளத்திலேயே உப்பைக் கொட்டினால் செடி கருகிவிடும்.

18. குஞ்சுகள் பெருகினால் அக்கம்பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கொடுங்கள், டெங்கு கொசு அங்கேயும் குறையும். ஏரியிலோ ராஜகால்வாயிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள், வெளியூர் மீன் பெருகினால் அங்கே இருக்கும் நாட்டு மீன்களின் பாடு கஷ்டமாகிவிடும்.