வீட்டு இரும்புப் பெட்டி: தேர்வும் பொருத்துதலும்

வீடு ஒன்று தீப்பற்றி எரிந்து அடங்கிய மறுநாள், சாம்பலைக் கிளறுவோர் முதலில் தேடுவது நகையை. பெரும்பாலும் அது கிடைத்துவிடும். தூய பொன் உருகுவதற்கு 1,064 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். நகைப் பொன் அதனினும் சற்றுக் குறைந்த வெப்பத்தில் உருகும். ஆயினும் உருகிக் கட்டியான பின்னும் அது பொன்னாகவே இருக்கிறது. செய்கூலி மட்டுமே நட்டம். காகிதத்தின் கதி வேறு. 200 டிகிரியைக் கடந்ததும் அது பழுப்பேறிக் கருகத் தொடங்குகிறது. கருகிய உயில் உயிலாக மீள்வதில்லை. திருடன் புகுந்த வீட்டிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே உயிலைத் தரையில் வீசிவிட்டு, நகையை மட்டும் கொண்டுசெல்கிறான்.

இரும்புப் பெட்டி வாங்க விரும்பும் குடும்பத்தார் இவ்வேறுபாட்டை முதலில் உணர்தல் வேண்டும். திருட்டைத் தடுக்கும் பெட்டியும் தீயைத் தடுக்கும் பெட்டியும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளமைப்பில் அவை ஒன்றுக்கொன்று மாறானவை. திருட்டுக்கு எதிரான பெட்டியின் வலிமை அதன் எஃகுத் தகட்டின் கனத்தில் உள்ளது. எஃகோ வெப்பத்தை எளிதில் கடத்துவது. ஆகவே வெறும் எஃகினால் ஆன பெட்டி, தீயின் நடுவே உள்ளிருக்கும் காகிதத்தை வாட்டும் அடுப்பாகிவிடுகிறது. தீயைத் தடுக்கும் மலிவான பெட்டியிலோ தகடு மெல்லியது. கடப்பாரைக்கு அது நெடுநேரம் தாங்காது. இரண்டையும் ஒருங்கே தடுக்கும் பெட்டிகளும் உண்டு. அவை எடையும் விலையும் மிக்கவை.

தீயைத் தடுப்பது எது?

தீயைத் தடுக்கும் பெட்டிக்கு இரட்டைச் சுவர் உண்டு. சுவர்களின் இடைவெளியில் ஜிப்சம் போன்ற ஒரு பொருள் நிரப்பப்பட்டிருக்கும். பெட்டியைக் காப்பது இரும்பு அன்று, இந்நிரப்புப் பொருளில் அடங்கியுள்ள நீரே என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு படிக நீர் ஆகும். 20 கிலோகிராம் ஜிப்சம் நிரப்பிய பெட்டியின் சுவரில், கைக்கு ஈரமே தெரியாத வகையில், நான்கு கிலோகிராமுக்கு மேற்பட்ட நீர் மறைந்திருக்கிறது. தீயின் வெப்பம் சுவரை அடைந்ததும் அந்நீர் பிரிந்து ஆவியாகிறது. ஒரு கிலோகிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 293 கிலோஜூல் வெப்பம் போதும். அதே நீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் தேவை. ஆவியாதல் முடியும் வரை, வெளியே நெருப்பு 900 டிகிரியில் எரிந்தாலும், பெட்டியின் உட்புறம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். காகிதக் கிண்ணத்தில் நீரூற்றி, நீர் உள்ள பகுதிக்குக் கீழே மட்டும் சிறு சுடர் படும்படி பிடித்தால், நீர் கொதிக்கும், காகிதம் எரியாது. ஒரு சோதனைக் குழாயில் மயில்துத்தப் படிகங்களை இட்டுச் சூடாக்கினால் நீல நிறம் வெளுப்பதையும், குழாயின் வாயருகே நீர்த்துளிகள் அரும்புவதையும் மாணவர் காண்பர். படிகாரத்தில் படிக நீர் இன்னும் மிகுதி. எடையில் சுமார் 45 விழுக்காடு. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பெட்டி செய்தோர் படிகாரத்தையும் மரத்தூளையும் கலந்து சுவர்களில் நிரப்பியதன் காரணம் இதுவே. இந்தியாவில், பம்பாயில் 1897இல் பூட்டுத் தொழிலைத் தொடங்கிய அர்தேஷிர் கோத்ரெஜ் 1902இல் இரும்புப் பெட்டி செய்யலானார்.

இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. நிரப்புப் பொருளின் ஈரம் சிறிது சிறிதாக உள்ளறைக்கும் பரவுகிறது. பல மாதங்கள் திறவாத பெட்டியில் காகிதம் பூஞ்சை பிடிக்கும். வெள்ளிப் பாத்திரம் கறுக்கும். கடற்கரை ஊர்களில் இத்தொல்லை மிகுதி. காகிதங்களைப் பாலித்தீன் உறையில் இட்டு, சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றை உடன் வைத்து, மாதம் ஒரு முறையேனும் பெட்டியைத் திறந்து காற்றாட விடுதல் நலம்.

தேர்வு

வீட்டில் உள்ள இரும்புப் பீரோவின் உள்ளறையை இரும்புப் பெட்டியாகக் கருதுவது நாடெங்கும் காணப்படும் பிழை. பீரோவின் தகடு ஒரு மில்லிமீட்டர் அளவே கனமுடையது. அது துணிகளுக்கு ஏற்றது, நகைக்குப் போதாது. பெட்டிகளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 550 ஆகும். வாங்குவோர் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை உள்ளதா என்று பார்ப்பதோடு நில்லாமல், அது திருட்டுக்கான தரமா, தீக்கான தரமா, தீக்கெனின் எத்தனை நிமிடங்களுக்கு என்பதையும் கேட்டறிதல் வேண்டும். காகிதத்துக்கெனச் செய்த பெட்டியின் உட்புறம் 177 டிகிரி வரை ஏறலாம் என்பது சோதனைகளில் ஏற்கப்பட்ட வரம்பு. காந்த நாடா போன்றவை 50 டிகிரிக்குச் சற்று மேலேயே கெட்டுவிடுவதால், அவற்றுக்குத் தனிப்பெட்டி தேவை.

பூட்டைப் பற்றிப் பேச்சு அதிகம். உண்மையில் கவலை குறைவாகவே தேவை. சாவிப் பூட்டாயினும் எண் பூட்டாயினும் நல்ல தயாரிப்பு போதுமானது. எண் பூட்டில் தொழிற்சாலை இட்ட எண்ணை அன்றே மாற்றிவிட வேண்டும். பிறந்த ஆண்டை எண்ணாக வைத்தல் ஆகாது. மின்கலம் தீர்ந்தால் திறப்பதற்கென உடன் தரப்படும் அவசரச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுத் தவிப்போரும் உண்டு.

எதை உள்ளே வைப்பது என்பதிலும் ஆராய்ச்சி வேண்டும். பதிவு செய்த கிரயப் பத்திரம் எரிந்தால், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெறலாம். உயிலைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. பதியாத உயிலுக்கும் கைச்சீட்டுக்கும் நகல் எங்கும் கிடையாது. எனவே தீப்பெட்டிக்கு அஞ்சும் கூரை வீட்டில் முதலிடம் இவற்றுக்கே உரியது. ரூபாய் நோட்டுகள் கருகிப்போனால் வங்கிக் கிளைகள் அவற்றை ஏற்பதில்லை. ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்துக்குத்தான் கொண்டுசெல்ல வேண்டும். கருகிய நோட்டுகளைத் தனித்தனியே பிரிக்க முயலாமல் இருந்தபடியே எடுத்துச்செல்லுமாறு களப்பணியாளர் எடுத்துரைத்தல் நன்று. முத்து வெப்பத்தில் ஒளியிழக்கும். வைரமும் கரியே ஆதலால், கடுந்தீயில் காற்றுப் பட்டால் எரியக்கூடியது. ஆகவே கல் பதித்த நகைக்குத் தீத் தடுப்பும் வேண்டும்.

பொருத்துதல்

15 கிலோகிராம் எடையுள்ள பெட்டியைத் திருடன் திறக்க வேண்டியதில்லை. அப்படியே தூக்கிச்சென்று, ஓய்வாக உடைத்துக்கொள்வான். நூறு கிலோகிராம் பெட்டியும், உருளைக் கட்டைகளின் மேல் ஏற்றினால் நகரும். விலையுயர்ந்த பெட்டியை வாங்கிச் சுவரோரம் சும்மா நிறுத்தி வைப்பதை விட, நடுத்தரப் பெட்டியைத் தரையோடு பிணைப்பதே மேல். பெட்டியின் அடித்தட்டில் இதற்கெனத் துளைகள் இருக்கும். அவற்றின் வழியே, கான்கிரீட்டுக்குள் சென்று விரிந்து இறுகும் 12 மில்லிமீட்டர் போல்ட்டுகளை உள்ளிருந்து முடுக்க வேண்டும். தீயைத் தடுக்கும் பெட்டியில் புதுத் துளை இடலாகாது; வெப்பம் நுழைய அதுவே வாயிலாகும்.

போல்ட்டு கான்கிரீட்டின் விளிம்பிலிருந்து ஒரு சாணேனும் தள்ளி இருத்தல் வேண்டும். இன்றேல் விளிம்பு பிளந்துவிடும். ஒற்றைச் செங்கல் கனமுள்ள வெளிச்சுவரில் சிறு பெட்டியைப் புதைக்கலாம். அரைச் செங்கல் தடுப்புச் சுவரில் புதைத்தல் பயனற்றது. மறுபுறமிருந்து நான்கு அடி அடித்தால் பெட்டியே கையில் வந்துவிடும். புது வீடு கட்டுவோர், சுவர் எழும்போதே கொத்தனாரிடம் இடம் குறித்துக் கொடுப்பது எளிது.

மாடியில் வைப்பதானால் பாரத்தைக் கணக்கிட வேண்டும். குடியிருப்பு வீட்டின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோகிராம் சுமையைத் தாங்குமாறு அமைக்கப்படுவது வழக்கம். 200 கிலோகிராம் பெட்டி ஒன்று, அரை மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள இடத்தில் நின்றால், அங்கே சுமை சதுர மீட்டருக்கு 800 கிலோகிராம் ஆகிறது. எனவே தளத்தின் நடுவே வைக்காமல், உத்தரத்தின் மேலோ சுவரை ஒட்டியோ வைக்க வேண்டும். ஐயம் இருப்பின் பொறியாளரைக் கேட்பது கடமை. தளத்தின் கனம் பெரும்பாலும் 12 சென்டிமீட்டரே ஆதலால் நீண்ட போல்ட்டும் அங்கே கூடாது. மரத்தளம் உள்ள பழைய மாடிகளில், தீயின்போது தளமே எரிந்து பெட்டி கீழே விழும்.

வெள்ளம் புகும் ஊர்களில் பெட்டியைத் தரைமட்டத்தில் வைப்பது தவறு. தீயைத் தடுக்கும் பெட்டி நீரைத் தடுக்கும் என்று எண்ணலாகாது. இரண்டடி உயரக் கான்கிரீட் மேடை கட்டி, அது நன்கு உலர்ந்த பின்னரே பெட்டியை ஏற்ற வேண்டும். சமையலறைச் சுவரை ஒட்டிய இடத்தையும், எரிவாயு உருளைக்கு அருகான இடத்தையும் தவிர்த்தல் வேண்டும்.

தீக்குப் பின்

1906 ஏப்ரல் 18இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நிலநடுக்கத்தைத் தொடர்ந்து பெருந்தீ மூண்டது. தீ அடங்கிய பின், ஆவல் மிகுதியால் உடனே பெட்டிகளைத் திறந்தோர் பலர். உள்ளே காகிதங்கள் எரியாமலே இருந்தன. ஆனால் மிகுந்த வெப்பத்தோடு இருந்தன. கதவு திறந்து புதுக் காற்றுப் பட்ட கணமே அவை தீப்பற்றிக்கொண்டன. பெட்டகங்கள் ஆறும் வரை பல நாட்கள் பொறுத்திருந்த வங்கியாளர்களின் ஆவணங்கள் பிழைத்தன.

ஆகையால் தீயில் அகப்பட்ட பெட்டியின் புறத்தைத் தொட்டுப் பார்த்து ஆறிவிட்டதென முடிவு செய்யலாகாது. கனத்த சுவருள்ள பெட்டியின் உட்புறம் ஆறுவதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். திறந்து பொருள்களை எடுத்த பின், அப்பெட்டி எவ்வளவு நன்றாகத் தோன்றினும், அதனை மீண்டும் தீத் தடுப்புக்குப் பயன்படுத்த இயலாது. சுவரில் இருந்த நீர் முழுதும் ஆவியாகிவிட்டது.