லாரி டிரைவருக்குச் சாமான் கட்டுவது எப்படி?



நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் கடை வைத்திருப்போருக்கு லாரித் தொழிலைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. வடநாட்டு லைனுக்குப் போகும் டிரைவர்களில் பலர் இன்றும் வழியில் வண்டியை ஓரம் கட்டிச் சமைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். அதற்கு வேண்டிய சாமானைப் புறப்படும் அன்று நம்மிடம்தான் வாங்குகிறார்கள். இதைச் சாதாரணச் சில்லறை வியாபாரமாக நினைத்துவிடக் கூடாது. உள்ளூர்க்காரர் வாங்கிய சாமானில் குறை இருந்தால் மாலையிலேயே கொண்டுவந்து மாற்றிக்கொள்வார். டிரைவரோ நம் குறையைக் கண்டுபிடிப்பது 1,000 கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே மாற்றித் தர நாம் இல்லை.

நாம் பட்ட பாடு

1988-ல் நடந்ததைச் சொல்கிறோம். நமது மொத்தக் கடையில் லாரிக்காரர்களுக்கு மட்டும் சில்லறையும் உண்டு. டில்லி போகும் வண்டி ஒன்றுக்குச் சாமான் கட்டிய நம் கடைப் பையன், ரவையையும் சலவைத் தூளையும் காகிதப் பொட்டலமாகக் கட்டி ஒரே சாக்கில் போட்டுவிட்டான். வண்டி ஆட்டத்தில் இரண்டும் உடைந்து கலந்துவிட்டன. நாகபுரிக்கு முன்னால் ஓர் இரவில், இருட்டில் உப்புமா கிளறியிருக்கிறார்கள். டிரைவர் வாயில் வைத்ததும் துப்பிவிட்டார். பசியில் நாலு வாய் விழுங்கிய கிளீனர் பையனுக்கு விடிய விடிய வாந்தி. ஒரு நாள் முழுக்க வண்டி நின்றது.

திரும்பி வந்த டிரைவர் சண்டை போடவில்லை. "முதலாளி, உங்க ரவையில துணி துவைக்கலாமுங்க" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போனார். அதன்பின் அவர் நம் கடைப் படி ஏறவில்லை. அவரோடு சேர்ந்த ஆறு வண்டிகளும் வரவில்லை. பையனைக் கோபித்துக்கொண்டோம். ஆனால் கட்டும் முறையை அவனுக்குச் சொல்லித் தராதது நம் குற்றம். அன்று முதல் நாம் கடைப்பிடிக்கும் முறை இது.

1. நாளைக் கேட்டு அளவு சொல்லுங்கள்

எந்த ஊர், எத்தனை பேர், எத்தனை நாள் என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பெங்களூர், ஐதராபாத், நாகபுரி, ஜான்சி, ஆக்ரா வழியாக டில்லி 2,000 கிலோமீட்டருக்கு மேல். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து விற்பனைவரிச் சோதனைச் சாவடிகள் போய்விட்டன. ஆனாலும் திரும்பு லோடுக்குக் காத்துக் கிடப்பது போகவில்லை. எனவே அவர் சொல்லும் நாளோடு மூன்று நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு பேருக்கு 15 நாளைக்கு நமது கணக்கு:

புழுங்கல் அரிசி 10 கிலோ, துவரம் பருப்பு 1½ கிலோ, ரவை 2 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், புளி, உப்பு, சாம்பார்த் தூள் தலா ½ கிலோ, மிளகாய்த் தூள், டீத்தூள் தலா ¼ கிலோ, கடுகு, சீரகம், மிளகு தலா 100 கிராம், சர்க்கரை 1½ கிலோ. சர்க்கரை நோய் உள்ளவரா என்று கேட்டு அதைக் குறையுங்கள்.

உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், தக்காளி, கோதுமை மாவு ஆகியவை வழியெல்லாம் கிடைக்கும். அவற்றை மூட்டை மூட்டையாகத் தலையில் கட்டாதீர்கள். நம் புழுங்கல் அரிசியும் நம் சாம்பார்த் தூளும் அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்காது. அவற்றில் குறை வைக்காதீர்கள். இன்று பத்து ரூபாய் விற்பனை குறைந்தாலும், நம் சொல்லுக்கு மதிப்பு கூடும்.

2. ஆட்டத்துக்குத் தாங்கும்படி கட்டுங்கள்

தூள் வகைகளைத் திருகு மூடி டப்பாவில் நிறைத்து, மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். எண்ணெயை மட்டும் கழுத்துவரை நிரப்ப வேண்டாம். வெயிலில் எண்ணெய் விரியும். மூடி வழியே கசியும். புளியைத் தகர டப்பாவில் போடாதீர்கள். அதன் புளிப்பு தகரத்தை அரிக்கும். அரிசியை 5 கிலோவாக இரண்டு பையில் கட்டுங்கள். ஒன்று மழையில் நனைந்தாலும் மற்றது மிஞ்சும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை இருக்கிறது. துணிப்பையே போதும். ஆனால் பை இரண்டாக இருக்க வேண்டும். உணவுச் சாமான் ஒன்றில். சோப்பு, சலவைத் தூள், கொசுவர்த்தி, தீப்பெட்டி மற்றொன்றில். இந்த விதிக்கு விலக்கே கிடையாது.

3. பருவம் பார்த்துக் கொடுங்கள்

மே மாதம் நாகபுரிப் பக்கம் வெயில் 45 டிகிரியைத் தொடும். மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு கண்டு அது கைவசம் இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் ½ டீஸ்பூன் உப்பும் கரைத்துக் குடிக்கலாம். இதை ஒரு சீட்டில் எழுதிச் சர்க்கரை டப்பாவில் ஒட்டிவிடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் வடக்கே தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்துவிடும். வாய் அகன்ற டப்பாவில் கொடுங்கள். சமையலுக்குக் கடலை எண்ணெய் நல்லது.

குளிர்காலத்தில் இன்னொன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். குளிருக்குப் பயந்து கேபினுக்குள் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு அடுப்பு எரித்தால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். சின்ன சிலிண்டர் வைத்திருப்பவரிடம் ரப்பர் குழாயில் வெடிப்பு உண்டா என்றும் கேளுங்கள். இந்த இரண்டு வார்த்தை சொல்ல நமக்குச் செலவு ஒன்றுமில்லை.

4. தேதியும் கணக்கும்

மசாலா, பிஸ்கட் பாக்கெட்டுகளில் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஒரு மாதத்துக்குள் முடிவதை லாரிக்குக் கொடுக்காதீர்கள். பலர் டிரிப் முடிந்துதான் பணம் தருவார்கள். சாமான் பட்டியலை இரண்டு பிரதி எழுதி, ஒன்றைப் பையில் வையுங்கள். மற்றதில் கையெழுத்து வாங்குங்கள். பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக டிரைவர் முன்னிலையில் எடுத்து வைத்தால், மறதிக்கும் இடமில்லை, பின்னால் மனஸ்தாபத்துக்கும் இடமில்லை.

போன ஆறு வண்டிக்குப் பதிலாக வேறு வண்டிகள் நமக்கு வரச் சில ஆண்டுகள் பிடித்தன. இன்றும் நம் கடையில் ரவை ஒரு சுவரிலும் சலவைத் தூள் எதிர்ச் சுவரிலும்தான் இருக்கும். வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் நாள் அதைக் காட்டி, காரணத்தையும் சொல்லிவிட்டுத்தான் தராசைத் தொட விடுகிறோம்.