நம்ம சமையற்கட்டை விருந்தாளி மாதிரி பார்ப்போம்



சேமிப்பு, கடன், வட்டி என்று பேசிப் பழகிய நாம் இந்த மாதம் நம்ம சமையற்கட்டுக்குள் போவோம். "தினம் போற இடம்தானே, அங்க புதுசா என்ன இருக்கு?" என்று கேட்பீங்க. தினமும் போவதால்தான் அது நம் கண்ணில் படுவதே இல்லை.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்க. காலையில் விறகடுப்பு பற்றவைத்துக் கால்மணி நேரம் ஆனதும் வெளியே வந்து, கொஞ்ச நேரம் பனிக்காற்றில் நில்லுங்க. பிறகு உள்ளே நுழையுங்க. கண் எரியும், தொண்டை கமறும். இந்தப் புகைக்குள்தான் இத்தனை நேரம் நாமும் இருந்தோம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தையும் இருந்தது. 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க வீட்டுப் புகையால் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

நம்ம நீலகிரியில் கேஸ் இருக்கிற வீட்டிலும் வெந்நீருக்கும் குளிருக்கும் கவாத்துக் குச்சி எரிகிறது. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் சாக்கையும் செருகி விடுகிறோம். ஆனால் சூடான புகை மேலேதானே போகும்? கூரைக்குக் கீழே, சுவரின் உச்சியில் ஒரு திறப்பு இருந்தால் புகை ஓரளவு வெளியேறும்.  குச்சியை மழைக்கு முன்பே காயவைத்து அடுக்கினால் புகை இன்னும் குறையும்.

அடுத்தது வெளிச்சம். பிரேசில் நாட்டில் ஆல்பிரெடோ மோசர் என்ற மெக்கானிக் 2002-இல் ஒரு வேலை செய்தார். பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் பிளீச்சிங் திரவமும் ஊற்றிக் கூரை ஓட்டையில் செருகினார். பகலில் பல்பு எரிகிற மாதிரி வெளிச்சம் வந்தது. (நம்ம மாவட்டத்தில் சின்ன தண்ணீர் பாட்டிலுக்கே தடை, அதனால் நமக்கு அது ஒத்துவராது!) ஒரேயொரு கண்ணாடி ஓடோ, வெளிச்சம் புகும் ஷீட்டோ போட்டால் போதும். அப்புறம் பாருங்க, மூலையில் பூஞ்சை பிடித்த சுவரும் தெரியும், அரிசிக் கல்லும் தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மட்டும் நாமே துளைக்கக் கூடாது, அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். ராத்திரி குளிருக்குத் தணல் சட்டியை அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவே கூடாது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும், எழுந்து கதவு திறக்கக்கூட முடியாது. "புகையே இல்லையே, வெறும் கங்குதானே" என்பது தப்புக் கணக்கு. படுக்கும் முன் சட்டியை வாசலுக்கு வெளியே வைத்துவிடுங்க. பெரியவங்க முணுமுணுத்தாலும் பரவாயில்லை, ஒரு கம்பளியைக் கூடப் போட்டு விடுங்க.

அடுத்த குழுக் கூட்டத்தை ஒரு உறுப்பினர் வீட்டுச் சமையற்கட்டில், அடுப்பு எரியும் நேரத்தில் நடத்துங்க. வந்தவங்க கண்ணில் பட்டதைச் சொல்லட்டும், வீட்டுக்காரம்மா கோவிச்சுக்கக் கூடாது! மறுவாரம் இன்னொரு வீடு. சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. சொந்த வீடு என்றால் ஷீட்டுக்குச் சங்கத்தில் உள்கடன் கேளுங்க. லைன் வீட்டைப் பழுது பார்ப்பது எஸ்டேட் நிர்வாகத்தின் பொறுப்பு, ஆகவே தனித்தனியாகப் போகாமல் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரே மனுவாகக் கொடுங்க, அதன் நகல் ஒன்று குழுவிலும் இருக்கட்டும்.