கண்ணுல தண்ணி கொட்டுதா? அது கண் வறட்சியாவும் இருக்கலாம்

"கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது, எரியுது, ஆனா தண்ணியும் கொட்டுது." மாதக் கூட்டங்களுக்கு வரும்போது நாங்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. வீட்டில் தெலுங்கு பேசுகிற உறுப்பினர்கள் "கள்ளு மண்டுதுன்னாயி" என்பார்கள். (தமிழ்க் காதுக்குக் கள்ளுக்கடை ஞாபகம் வந்தாலும் அவர்கள் சொல்வது கண்ணைத்தான்.) இதற்குப் பல காரணம் உண்டு. அதில் முக்கியமான ஒன்று கண் வறட்சி.

தண்ணி கொட்டுகிற கண் எப்படி வறண்ட கண் ஆகும்? ஊறுகாய் ஜாடியை நினைத்துப் பாருங்கள். மேலே எண்ணெய் நின்றால்தான் ஊறுகாய் காயாமல் இருக்கும். நம் கண்ணீரிலும் அப்படி ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மேலே நிற்கிறது. நடுவில் நீர், அடியில் கண்ணோடு ஒட்ட வைக்கிற வழவழப்பு. அந்த எண்ணெய், இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன சுரப்பிகளிலிருந்து வருகிறது. அவை அடைத்துக்கொண்டால் நீர் சீக்கிரம் காய்ந்து கண் உறுத்தும். உடனே பெரிய கண்ணீர்ச் சுரப்பி அவசரமாகத் தண்ணியைக் கொட்டும். வெறும் தண்ணி நிற்காது, கன்னத்தில் வழிந்துவிடும்.

எண்ணெய்யைக் கண் முழுக்கப் பரப்புகிற வேலையை இமைதான் செய்கிறது. சாதாரணமாக நாம் நிமிஷத்துக்கு 15 தடவை போல கண் சிமிட்டுகிறோம். உற்றுப் பார்க்கிற வேலையில் இது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கம் விசைத்தறியில் அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கிறவர்கள், தையல் மிஷினில் உட்காருகிறவர்கள், இரவில் செல்போன் பார்க்கிற பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் இதே கதைதான். தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசி வேறு. அடுத்த கூட்டத்தில் இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் பேசும்போது ஒரு நிமிஷம், ஊசியில் நூல் கோர்க்கும்போது ஒரு நிமிஷம் சிமிட்டலை எண்ணிப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், விஷயமும் புரியும்.

விறகடுப்புப் புகையும், 40 டிகிரியைத் தாண்டுகிற நம் திருத்தணி வெயிலும் காற்றும் கண்ணைக் காய வைக்கும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும், சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கும், சளி அலர்ஜி மாத்திரை தொடர்ந்து போடுகிறவர்களுக்கும் இது அதிகம் வரும். மூட்டு வலியோடு வாயும் கண்ணும் சேர்ந்து வறண்டால் டாக்டரிடம் மூன்றையும் ஒன்றாகச் சொல்லுங்கள். தனித்தனியாகச் சொன்னால் நோய் பிடிபடாது.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. சுத்தமான பருத்தித் துணியைப் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிஷம் வையுங்கள். ஆறினால் மறுபடி நனைக்கணும். பிறகு கை கழுவி, மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவி விடுங்கள். காலை மாலை சில வாரமாவது செய்தால்தான் பலன் தெரியும். இமையின் உள் ஓரத்தில் மை தீட்ட வேண்டாம், சுரப்பியின் வாய் அடைபடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள்.

இதற்கு மேல் தேவைப்பட்டால் 'செயற்கைக் கண்ணீர்' சொட்டு மருந்து உண்டு. டப்பாவில் பெரும்பாலும் கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ் என்று இருக்கும். திறந்து ஒரு மாதத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடணும். ஒருவர் பாட்டிலை இன்னொருவர் போடக்கூடாது, அதன் முனை கண்ணில் படக்கூடாது. 2022-23-ல் தமிழ்நாட்டில் தயாரான ஒரு செயற்கைக் கண்ணீர் மருந்தோடு தொடர்புடைய கிருமித் தொற்று அமெரிக்காவில் 81 பேரைத் தாக்கியது. 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேர் இறந்தார்கள். மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். கண்ணில் விடுவது அவ்வளவு சுத்தமாக இருக்கணும் என்பதற்காகச் சொல்கிறோம், பயமுறுத்த அல்ல.

எங்களுக்குப் பெரிய கவலை வேறு. மெடிக்கல் ஷாப்பில் "கண் சிவந்திருக்கு, ஏதாவது குடுங்க" என்று கேட்டு வாங்குகிற சொட்டு மருந்து. சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு இருக்கும். போட்டதும் சிவப்பும் எரிச்சலும் குறைவதால் 'நல்ல மருந்து' என்று மறுபடி மறுபடி வாங்குவோம். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி உள்நரம்பு கெடும். வலிக்காது, ஓரப் பார்வை முதலில் போகும். கண்புரை வந்தால் ஆபரேஷன் இருக்கிறது. நரம்பு கெட்டுப் போன பார்வை திரும்பாது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து இது.

வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்க முடியாமை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, சீழ் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். மற்றபடி முதலில் திருத்தணி அரசு மருத்துவமனையில் காட்டலாம். மேல்சிகிச்சைக்கு 1819-ல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போய் அங்கிருந்து போகலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கும் கண் சொட்டு மருந்துகளை டப்பாவோடு கொண்டு வாருங்கள். படிக்கத் தெரிந்த உறுப்பினர் மேலே சொன்ன மூன்று பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். இருந்தால் அதை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததாக இருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம்.