மதில் சுவர் வழியே புகும் ஓதம்

ஈராண்டுகளுக்கு முன், மழைக்காலம் கழிந்த வேளையில், எமது ஒன்றியத்திலுள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். அங்கு ஒரு விவசாயி தம் வீட்டின் அறையொன்றைத் திறந்து காட்டினார். சுவரோரம் அடுக்கியிருந்த விதைநெல் மூட்டைகள் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. இருமுறை சிமெண்டுப் பூச்சுப் பூசியும் ஈரம் நிற்கவில்லை என்றும், முன்னினும் உயரமாக ஏறுகிறது என்றும் அவர் வருந்தினார். வெளியே சென்று பார்த்ததும் காரணம் விளங்கிற்று. தோட்டத்து மதில் சுவர் சரியாக அந்த இடத்தில்தான் வீட்டுச் சுவரோடு இணைத்துக் கட்டப்பட்டிருந்தது.

ஈரம் ஏறும் வழி

செங்கல்லிலும் காரையிலும் நுண்ணிய துளைகள் பல உள்ளன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், மண்ணிலுள்ள நீர் அத்துளைகளின் வழியே மேலேறுகிறது. இதைத் தடுக்கவே வீட்டின் அடிச்சுவரின் மேல், தரைமட்டத்தில், ஈரம் புகாத கான்கிரீட்டுப் படுகை இடுகிறோம். மதில் சுவருக்கோ இத்தகைய படுகை இடுவோர் அரியர். ஆகவே மதிலில் தடையின்றி ஏறும் நீர், வீட்டுப் படுகைக்கு மேலாகப் பக்கவாட்டில் வீட்டுச் சுவருக்குள் புகுந்துவிடுகிறது. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தது போன்ற நிலை இது.

அறிவது எங்ஙனம்?

ஈரக்கறை மதில் சேரும் இடத்தில் உயர்ந்தும், விலகிச் செல்லச் செல்லத் தாழ்ந்தும் காணப்பட்டால் மதிலே காரணம். சுவர் நெடுகிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால் படுகையில் குறையுண்டு. மேலிருந்து கீழிறங்கினால் கூரை ஒழுக்கைக் கவனிக்க வேண்டும்.

செய்ய வேண்டுவன

1. சுவரோரம் குவிந்த மண்ணையும் எருவையும் அகற்றி, வெளித்தரை படுகைக்கு அரை அடியேனும் கீழே இருக்குமாறு செய்க. நீர் சுவரை விட்டு விலகி ஓடவேண்டும்.

2. மதிலை வீட்டிலிருந்து பிரித்துவிடுக. சுமார் 2 அடி நீளத்தைக் கலைத்து, மதிலின் முனையில் தனிக் கடைக்காலுடன் ஒரு தூண் எழுப்பலாம். தூணுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே 2 அங்குல இடைவெளி விடுக. அதனுள் காரையோ செங்கல் துண்டோ விழுந்து தங்கலாகாது. தங்கினால் அதுவே ஈரத்திற்குப் பாலமாகும். இடைவெளி விட இயலாதபோது, அடி முதல் உச்சி வரை தார்த்தாளைச் செங்குத்தாகச் செருகிக் கட்டலாம்.

3. மதிலின் உச்சியைச் சரிவாகப் பூசி, மழைநீர் சுவரில் வழியாதபடி இருபுறமும் விளிம்பைச் சற்று நீட்டுக.

4. உட்புறத்தில் கறைக்கு மேல் ஓரடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிடுக. அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். சுவரில் பூக்கும் உப்பை நீரால் கழுவாமல், உலர்ந்த துடைப்பத்தால் தட்டி அகற்றுக.

5. சுவர் நன்கு உலர்ந்த பின்னரே புதிதாகப் பூசுக. ஓர் அங்குல கனத்திற்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்பது பொதுக்கணக்கு. சுண்ணாம்புக் காரையே ஏற்றது. சிமெண்டு மிகுந்த பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து மேலும் உயர ஏற்றிவிடும். மேற்கூறிய விவசாயிக்கு நேர்ந்தது இதுவே.

இப்பணியைத் தை மாதத்தில் தொடங்கினால் கோடை வெயில் சுவரை உலர்த்தித் தரும். அதுவரை மூட்டைகளைச் சுவரினின்று ஒரு முழம் தள்ளிப் பலகை மேல் அடுக்குக.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு

மதில் அண்டை வீட்டாருடையதாக இருந்தால் இச்சிறு குறையே பெரும் பூசலாக வளர்வதுண்டு. உறுப்பினர்கள் இரு தரப்பாரையும் அழைத்து, ஈரத்தின் வழியைக் காட்டி, செலவைப் பகிர்ந்துகொள்ளச் செய்யலாம். பள்ளி, அங்கன்வாடி, சத்துணவுக் கூடம் ஆகியவற்றிற்குச் சுற்றுச்சுவர் எழுப்பும்போது, அது கட்டிடத்தைத் தொடாமல் நிற்கிறதா என்பதைக் கடைக்கால் தோண்டும் நாளிலேயே பார்த்துவிட வேண்டும்.

அவ்விவசாயி அடுத்த தை மாதமே மதிலைப் பிரித்தார். சென்ற ஐப்பசி மழையின்போது அவ்வறைக்கு மீண்டும் சென்றேன். சுவர் உலர்ந்திருந்தது, விதைநெல்லும் பழுதின்றி இருந்தது.