காஷ்மீரில் தொடங்கி, குமரியை நோக்கி நடங்கள்

குமரியிலிருந்து காஷ்மீர் வரை நடக்கப்போகிறேன் என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, திசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதைத்தான். காஷ்மீரில் தொடங்குங்கள், குமரியில் முடியுங்கள். கடலில் புறப்பட்டு இமயத்தில் போய் நிற்பதுதான் பெருமை என்ற எண்ணம் நமக்குள் ஊறிக் கிடக்கிறது. வெயிலும் பனியும் அந்தப் பெருமையைப் பார்ப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிப் போனால் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். பழகிய கால்களுக்கு ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் நீடித்து நடப்பது கடினம். வாரம் ஒரு நாள் ஓய்வும் கட்டாயம். ஏழு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரியில் குமரியில் கிளம்பினால், விதர்பாவின் வெயிலில் ஏப்ரலில் நுழைவீர்கள். ஜான்சி, குவாலியர் பக்கம் மே, ஜூன். 45 டிகிரி வெயிலில் தார்ச்சாலை. செப்டம்பரில் கிளம்பினாலோ தொடக்கத்திலேயே பருவமழை.

பலருக்கும் தெரிந்த இரண்டு நடைப்பயணங்கள் இருக்கின்றன. பின்னாளில் பிரதமரான சந்திரசேகர் 1983 ஜனவரி 6-இல் குமரியில் புறப்பட்டு ஜூன் 25-இல் டெல்லி ராஜ்காட்டை அடைந்தார். ராகுல் காந்தி 2022 செப்டம்பர் 7-இல் புறப்பட்டு 2023 ஜனவரி 30-இல் ஸ்ரீநகரில் கொட்டும் பனியில் முடித்தார். அவர்கள் பின்னால் வண்டியும் மருத்துவரும் சமையலும் வந்தன. தனியாக நடக்கிற உங்கள் பின்னால் யாரும் வரப்போவதில்லை.

வடக்கிலிருந்து வந்தால் குளிர்காலம் உங்கள் கூடவே இறங்கி வரும். செப்டம்பர் இரண்டாம் வாரம் ஸ்ரீநகர். அக்டோபரில் பஞ்சாப், ஹரியானா. நவம்பரில் ஆக்ரா, ஜான்சி. டிசம்பர் முழுக்க மத்தியப் பிரதேசம். நடப்பதற்கு இந்தியாவிலேயே அதைவிட நல்ல மாதமும் இடமும் இல்லை என்பது என் கருத்து. ஜனவரியில் தெலங்கானா, பிப்ரவரியில் ராயலசீமா, மார்ச்சில் ஓசூர் வழியாகத் தமிழ்நாடு. கடைசி மாதம் மட்டும் வெயில். அதற்குள் கால்கள் இரும்பாகியிருக்கும், மொழியும் நம்முடையது.

இந்த வழியிலும் இடறல்கள் உண்டு. ஜம்மு–ஸ்ரீநகர் சாலையின் நீண்ட சுரங்கப்பாதைகளில் நடக்க முடியாது, வண்டியில்தான் கடக்க வேண்டும். ராம்பன் பகுதி நிலச்சரிவுக்குப் பேர்போனது. அங்கும் வண்டியில் ஏறிவிடுங்கள், அதனால் உங்கள் நடைக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. பள்ளத்தாக்கில் நிலைமை சரியில்லை என்றால் ஜம்முவிலிருந்தே தொடங்குங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொண்டு போங்கள். அக்டோபர் கடைசியில் வைக்கோல் தாள் எரிக்கும் புகை டெல்லியைச் சுற்றிச் சூழும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் பானிபட்டில் ரயிலேறி மதுராவில் இறங்கிக்கொள்ளலாம். சிவனிக்கும் நாக்பூருக்கும் இடையே பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் காடு வருகிறது. விலங்குகள் அடியில் கடந்துபோகச் சாலையையே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் காட்டுப் பகுதியைப் பஸ்ஸில் கடந்துவிடுங்கள்.

44-ஆம் எண் சாலையை ஒட்டி என்றுதான் சொன்னேன், அதன் மேல் என்று சொல்லவில்லை. நான்குவழிச் சாலை நடப்பவருக்காகப் போட்டது அல்ல. பைபாஸ் வருமுன் ஊருக்குள் போய்க்கொண்டிருந்த பழைய ரோடு எல்லா ஊரிலும் இருக்கிறது. நிழலும் டீக்கடையும் குழாய்த் தண்ணீரும் அங்கேதான். அதைப் பிடித்து நடங்கள். பஞ்சாபில் கால்வாய்க் கரைகளும் உதவும். மறுநாள் நடக்கும் பாதையை முந்தைய இரவே கூகுள் மேப்ஸில் பார்த்துப் போனில் இறக்கி வையுங்கள், காலையில் டீக்கடையில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் நடந்தே ஆகவேண்டிய இடங்களில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். நடுத்தடுப்பை ஒட்டி ஒருபோதும் வேண்டாம். ஒளிரும் பட்டை போட்ட மேல்சட்டை பகலிலும் உடம்பில் இருக்கட்டும். இருட்டிய பிறகோ மூடுபனியிலோ சாலையில் கால் வைக்காதீர்கள், டிரைவரின் கண்ணுக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, போலீசுக்கு 112, ஆம்புலன்சுக்கு 108.

தார்ச்சாலையில் இன்னொரு சங்கடம், பலரும் கவனிக்காதது. சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். ஒரே ஓரமாக நாள்கணக்கில் நடந்தால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் ஊன்றும். இரண்டாம் வாரம் முழங்காலும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். மண் ஓரம் சமமாக இருக்கும் இடத்தில் அதில் இறங்கி நடங்கள்.

நெடுநேரம் நடந்தால் பாதம் வீங்கும். ஷூ வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துத் தோலை ஊறவைத்துவிடும், சிந்தெடிக் அல்லது கம்பளி கலந்தது நல்லது. காலையில் விரலிடுக்குகளில் வாசலின் தடவுங்கள். பாதத்தில் எங்காவது சூடாக உறுத்தினால் அந்த நிமிடமே உட்கார்ந்து பிளாஸ்டர் ஒட்டுங்கள். அடுத்த ஊர் வரட்டும் என்று விட்டால் அது கொப்புளமாகி உங்களை மூன்று நாள் லாட்ஜில் படுக்க வைத்துவிடும். முதுகுப் பை ஏழு கிலோவைத் தாண்ட வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து குடிக்கலாம்.

நாய்களை லேசாக எண்ணாதீர்கள். கிளம்பும் முன்பே மருத்துவரிடம் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். முன்பே ஊசி போட்டிருந்தாலும் போகத்தான் வேண்டும்.

அந்நிய ஊரில் நீங்கள் யார் என்பது யாருக்கும் தெரியாது. 2018-இல் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த வயதான பெண்மணியைப் பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் புரளியை நம்பி அடித்தே கொன்றார்கள். அது மனதில் இருக்கட்டும். குழந்தைகளுக்குத் தின்பண்டம் கொடுப்பதும் கேட்காமல் போட்டோ எடுப்பதும் கூடவே கூடாது. ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து, எங்கிருந்து வருகிறோம், எங்கே போகிறோம் என்று நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். அதையே இந்தியிலும் தெலுங்கிலும் எழுதி அட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். இரவு எங்கே தங்குகிறீர்கள் என்று தினமும் வீட்டுக்குச் சொல்லுங்கள்.

பஞ்சாபில் குருத்வாராக்களில் லங்கர் சாப்பாடு யாருக்கும் உண்டு, பெரிய குருத்வாராக்களில் தங்கவும் இடம் கிடைக்கும். தலையை மூடிக்கொண்டு போங்கள், சாப்பிட்டபின் பாத்திரம் கழுவக் கை கொடுங்கள். மற்ற இடங்களில் தர்மசாலை, லாட்ஜ். ஆதார் அட்டை கையில் வேண்டும். பெட்ரோல் பங்கில் குடிநீரும் கழிப்பறையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி, கூச்சப்படாமல் கேளுங்கள். பெண்கள் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு நடப்பதே நல்லது என்பேன், மாலை நான்கு மணிக்கெல்லாம் அறைக்குப் போய்ச் சேரும்படி.

பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர்களுடன் ஒருமுறை சேர்ந்து நடந்து பாருங்கள். குன்றக்குடியிலிருந்து காவடியோடு போகும் நகரத்தார் தலைமுறை தலைமுறையாக நடக்கிறவர்கள். எங்கே நிற்பது, எப்போது படுப்பது என்பதையெல்லாம் பெரியவர்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

ஏழு மாத விடுப்பு யாருக்குக் கிடைக்கும் என்று கேட்பீர்கள். துண்டு துண்டாக நடங்கள். ஒவ்வொரு துண்டையும் ரயில் நிற்கும் ஊரில் நிறுத்துங்கள், அடுத்த முறை அதே ஸ்டேஷனில் இறங்கித் தொடருங்கள். எந்தத் துண்டுக்கு எந்த மாதம் நல்லதோ அந்த மாதத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதி இதில் உண்டு என்பதால், மொத்தமாக நடப்பதைவிட எனக்கு இதுவே பிடித்தது. துண்டுகளை வடக்கிலிருந்து வரிசையாக நடக்க வேண்டியதில்லை; முதல் துண்டு மதுரையிலிருந்து குமரி வரை இருக்கட்டும், சுமார் 240 கிலோமீட்டர். திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி, நாங்குநேரி, வள்ளியூர் என்று வழியெல்லாம் ரயில் நிலையம். கால் ஒத்துழைக்காவிட்டால் எந்த ஊரிலிருந்தும் அன்றே வீடு திரும்பலாம். பொங்கல் முடிந்த வாரம் கிளம்புங்கள்; இரண்டு வார விடுப்பு போதும்.